நான்கு வயதுப் பிள்ளையும் மாலை நேரத்து ஒரு மணியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மகனுக்கு நான்கு வயதும் மூன்று மாதமும் ஆகின்றன, எல்.கே.ஜி. படிக்கிறான், நூறு வரை தடையின்றி ஒப்பிக்கிறான், ஆனால் எழுத உட்காரவைத்தால் இரண்டே நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறான், நீங்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பகலில் பாட்டியோடு இருக்கிறான், மாலையில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான், இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் ‘ஆக்டிவிட்டி பாக்ஸ்’ வாங்கலாமா, அல்லது வீட்டிலேயே விளையாட்டாகக் கற்றுத்தர வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டுகளின் பட்டியலைக் கேட்பது போல இருந்தாலும், எதிர் வீட்டுப் பிள்ளை எழுதுகிறதே, நம் பிள்ளை பின்தங்கிவிடுவானோ என்ற கவலைதான் உள்ளே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

மழலையர் வகுப்பில் பத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். பிறகு எட்டு ஆண்டுகளாக, அந்த வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க வருகிற இளம் ஆசிரியைகளுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். நான் மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ அல்ல. என்னிடம் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் தமிழ் பேசுகிற, மூன்று முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள். எனவே எது ஆய்வுகளில் தெளிவானது, எது என் அனுபவம் மட்டுமே என்பதை ஆங்காங்கே பிரித்துச் சொல்கிறேன்.

எழுத மறுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்பதை உறுதியாகவே சொல்லலாம். அந்த வயதில் தோளும் முழங்கையும் சொன்னபடி கேட்கின்றன. மணிக்கட்டும் விரல்நுனிகளும் இன்னும் பழகிக்கொண்டிருக்கின்றன. நான்கு கோட்டுக்குள் ‘அ’ எழுதச் சொல்வது, நேற்றுதான் சைக்கிள் பழகியவரைத் தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருவில் ஓட்டச் சொல்வதைப் போன்றது. ஓடிப்போகிற பிள்ளைகளில் பலருக்குச் சோம்பல் ஒன்றும் கிடையாது. கை வலிக்கிறது, அதை வலி என்று சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த விரல்களுக்கு வேலை கொடுக்க நோட்டுப் புத்தகம் தேவையே இல்லை. முருங்கைக்கீரை உருவுவது, பச்சைப் பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவில் கோலிக்குண்டு அளவு உருண்டை பிடிப்பது, கைக்குட்டையைப் பிழிந்து கிளிப் போட்டுக் கொடியில் மாட்டுவது ஆகிய எல்லாவற்றிலும் பென்சிலைப் பிடிக்கப்போகிற அதே மூன்று விரல்கள்தான் உழைக்கின்றன. இதற்கு உங்கள் ஒரு மணி நேரம்கூடச் செலவாக வேண்டியதில்லை. காலையில் பாட்டி கீரை ஆயும்போது பக்கத்தில் ஒரு கிண்ணத்தோடு அவனை உட்காரவைத்தால் போதும். கீரையில் பாதி தரையில்தான் கிடக்கும், அதைப் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

எழுத்தை அறிமுகப்படுத்த ஒரு தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி, அதில் விரலால் எழுதவிடுங்கள். இதில் புதுமை எதுவும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் பதித்துத்தான் அரிச்சுவடி தொடங்கியது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் திறந்த பள்ளியில், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகினார்கள். அதே அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வந்த இடத்தில், உலகப்போரில் இத்தாலியும் இறங்கிவிட, 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். ரவையில் எழுதுவதில் ஒரு பெரிய வசதி, தப்பாகிவிட்டால் தட்டை ஒருமுறை குலுக்கினால் போதும், தப்பு காணாமல் போய்விடும். ரப்பரால் அழித்து அழித்துக் கிழிந்த தாளைப் பார்த்து அழுத பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரவைத் தட்டைப் பார்த்து அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதில் என் கருத்து பல பள்ளிகளின் வழக்கத்திலிருந்து மாறுபடும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247ஐயும் வரிசைப்படி எழுதவைப்பதை நான் விட்டுப் பல காலமாகிறது. ‘அ’ வரிசையில் முதலில் நிற்பதாலேயே எளிய எழுத்தாகிவிடாது. சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாகக் கலந்த எழுத்து அது. ‘ட’, ‘ப’ இரண்டும் வெறும் நேர்கோடுகள். ‘ம’ சற்று வளையும். இந்த மூன்றோடு ‘ம்’ தெரிந்துவிட்டால் பிள்ளை ‘படம்’, ‘மடம்’ என்று சொற்களையே படித்துவிடலாம். ‘ட்’ சேர்ந்தால் ‘பட்டம்’, ‘மட்டம்’ வந்துவிடும். ஒரு சொல்லைத் தானாகப் படித்துவிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு வரிசையைக் கட்டிக்கொண்டு அழ எனக்கு மனம் வரவில்லை. ‘கெ’, ‘கே’, ‘கொ’ போன்றவற்றை இப்போது தொடவே வேண்டாம். அவற்றில் கண்ணுக்குக் கொம்பு முதலில் தெரிகிறது, காதுக்கோ ‘க்’ என்ற ஒலிதான் முதலில் கேட்கிறது. இந்த முரண் ஆறு வயதுப் பிள்ளைகளையே தடுமாறவைக்கும்.

இனி அந்த நூறுக்கு வருவோம். நூறு வரை ஒப்பிப்பது நல்ல நினைவாற்றல்தான், ஆனால் அதை எண்ணுவது என்று சொல்லிவிட முடியாது. இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். அவன் முன் ஏழு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஏழு என்று முடித்ததும், ‘அப்போ மொத்தம் எத்தனை இருக்கு?’ என்று கேளுங்கள். மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். எண்ணுதலுக்குள் இப்படிப் பல தனித்தனித் திறன்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை ரோச்செல் கெல்மன், சார்லஸ் காலிஸ்டெல் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் விரிவாக எழுதினார்கள்: ஒரு பொருளுக்கு ஓர் எண் மட்டுமே, எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசி எண்ணே மொத்தம், எங்கிருந்து எண்ணினாலும் விடை ஒன்றே என்பவை அவற்றுள் சில. அடுத்து அதே ஏழு கொட்டைகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து, ‘இப்போ அதிகமாயிடுச்சா?’ என்று கேட்டால் பெரும்பாலான நான்கு வயதுப் பிள்ளைகள் ‘ஆமா’ என்பார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே காட்டிய புகழ்பெற்ற சோதனை இது. அந்தப் பதிலைத் திருத்தாதீர்கள். வாயால் சொல்லித் திருத்தக்கூடிய தவறு அல்ல அது, வயதும் அனுபவமும் சேர்ந்து தானாகவே மாறும்.

எண்ணுக்கு நான் பரிந்துரைக்கும் விளையாட்டு ஒன்றே ஒன்றுதான், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தரையில் சாக்பீஸால் இடமிருந்து வலமாகப் பத்துக் கட்டங்களை ஒரே நேர்வரிசையில் வரைந்து, 1 முதல் 10 வரை எழுதுங்கள். இரண்டு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும் வரை தேயுங்கள். தாயம் ஆடிய வீடுகளில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேய்க்கும்போது கொட்டை சுடும், அதைத் தொட்டுப் பார்ப்பதே அவனுக்கு ஒரு வேடிக்கை. கொட்டைகளை உருட்டினால் ஒரு வெள்ளை விழுந்தால் ஒரு கட்டம், இரண்டு விழுந்தால் இரண்டு கட்டம், ஒன்றும் விழாவிட்டால் மீண்டும் உருட்ட வேண்டும். காய்க்கு ஒரு பொத்தான் போதும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. காய் மூன்றாம் கட்டத்தில் இருக்கும்போது இரண்டு விழுந்தால், ‘ஒண்ணு, ரெண்டு’ என்று நகர்த்தாமல் ‘நாலு, அஞ்சு’ என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும்.

இதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று தோன்றலாம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இருவர் அமெரிக்காவில் ஏழை வீட்டுப் பிள்ளைகளோடு ஏறத்தாழ இதே விளையாட்டை, இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆடிப் பார்த்து, 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எண் எழுதிய பலகையில் ஆடிய பிள்ளைகளின் எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்ணுக்குப் பதிலாக வண்ணம் பூசிய அதேபோன்ற பலகையில் ஆடியவர்களிடம் அந்த உயர்வு இல்லை. பின்னர் வட்டமாக அமைந்த பலகையில் சோதித்தபோது நேர்கோட்டுப் பலகை அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. எண் கூடக்கூடத் தூரமும் நேரமும் கூடுவதைக் கண்ணும் கையும் ஒன்றாக உணர்வதுதான் இதன் சூட்சுமம் என்று கருதுகிறார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக அமர்ந்து ஆடினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் கூடத்தில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. பரமபதம் ஆடலாமே என்று கேட்பீர்கள். ஆடலாம், ஆனால் அது பாம்பு, ஏணியின் சுவைக்காக. நூறும் அதற்கு மேலும் கட்டங்கள், அதிலும் ஒரு வரி வலப்பக்கம் போனால் அடுத்த வரி இடப்பக்கம் திரும்பும் என்பதால் நான்கு வயதில் எண் கற்க அது உதவுவது குறைவு.

ஆங்கிலத்தில் எண்ணிப் பழகிய பிள்ளையானாலும், இதே விளையாட்டைத் தமிழ் எண்பெயர்களைச் சொல்லியும் ஆடுங்கள். கட்டங்கள் இருபது வரை நீளும்போது, பதிமூன்று என்ற சொல்லுக்குள் பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. தேர்ட்டீனையும் தேர்ட்டியையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு அது ஒரு கைத்தடி. பல்லாங்குழி இன்னும் ஓராண்டு பொறுக்கட்டும், பதினான்கு குழிகளும் அவனுக்கு இப்போது மிக அதிகம். சோழியோ விதையோ எதுவாயினும், வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் ஆடி முடித்ததும் எண்ணி எடுத்து வையுங்கள், தொண்டையில் சிக்கும். பல்லாங்குழிக்கு மஞ்சாடி விதை என்று நினைத்துக்கொண்டு குன்றிமணியைக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதை கொடிய நஞ்சு, கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அழகுக்காகக்கூட அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

அறிவியலுக்கு உங்கள் வீட்டு இட்லி மாவைவிட நல்ல பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்காது. அரைத்த மாவை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பாதிக்கும் கீழாக ஊற்றி, மாவின் மட்டத்தில் ஆளுக்கொரு ரப்பர் பேண்டைப் போடச் சொல்லுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். ஒன்றை மேடையிலும் மற்றொன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்துவிட்டு, ‘காலையில எது எப்படி இருக்கும்?’ என்று கேளுங்கள். அவன் எதைச் சொன்னாலும் சரி, தவறு என்று சொல்லாமல் தூங்கப் போய்விடுங்கள். என் வகுப்பில் இதைச் செய்தபோது, மறுநாள் காலையில் மாவு ரப்பர் பேண்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருப்பதையும், ஓரமெல்லாம் சிறு குமிழிகளாக இருப்பதையும் மூக்கு கண்ணாடியில் ஒட்டும்படி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, ‘ராத்திரியெல்லாம் மாவு மூச்சு விட்டிருக்கு டீச்சர்’ என்றாள். நுண்ணுயிர்கள் மாவைத் தின்று வாயுவை வெளியிடுகின்றன, உளுந்தின் கொழகொழப்பு அதை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது என்ற விளக்கத்தை நான் அன்று சொல்லவில்லை; அவள் சொன்னதே அந்த வயதுக்குப் போதுமான அளவு உண்மையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொன்று: வெள்ளைத் துணித்துண்டை மஞ்சள் கரைத்த நீரில் நனைத்துக் காயவைத்து, அதில் ஈரச் சோப்பைத் தேய்த்தால் சிவக்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி சிவப்பதும் இதே காரணத்தால்தான், ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், கண்ணைப் பாதிக்கும்.

மொழிக்கு வேண்டியது பேச்சும் கதையும். படம் உள்ள புத்தகத்தை வைத்துக்கொண்டு நாமே படித்துக்கொண்டு போகாமல், பிள்ளையைப் பேசவைத்துப் படித்தால் மொழி வளர்கிறது என்பதை 1988இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்டும் உடன் பணியாற்றியவர்களும் காட்டினார்கள். பின்வந்த பல ஆய்வுகளும் அதையே சொல்லியிருக்கின்றன. ‘இது என்ன கலர்?’ என்ற கேள்வி ஒரே சொல்லில் முடிந்துவிடும். ‘இந்த முயல் ஏன் ஒளிஞ்சுக்கிட்டிருக்கு?’ என்ற கேள்விக்கு அவன் யோசித்தாக வேண்டும். ‘நாய் ஓடுது’ என்று அவன் சொன்னால், ‘ஆமா, பூனையைத் துரத்திக்கிட்டு அந்தக் கறுப்பு நாய் ஓடுது’ என்று நீட்டித் திருப்பிக் கொடுங்கள். தமிழில் இதற்கு மேல் ஒரு சிக்கல் உண்டு. நாம் ‘இருந்துச்சு’ என்று பேசுகிறோம், புத்தகம் ‘இருந்தது’ என்கிறது. புத்தகத்தில் உள்ளபடியே படித்துவிட்டு, பேசும்போது வீட்டுத் தமிழில் பேசுவதுதான் என் வழக்கம். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன், என் அனுபவம் மட்டுமே. எழுத்துத் தமிழ் காதுக்குப் பழகிய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் தாமாகப் படிக்கத் தொடங்கும்போது அந்நியப்பட்டு நிற்பதில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். புத்தகம் வாங்க முடியாதவர்களுக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பாட்டிக்குக் கதை தெரிந்தால் அதுவும் வேண்டியதில்லை.

அந்த இரண்டாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் பொறுத்தவரை, அது கெடுதல் செய்யாது. பணம் மிச்சமிருந்தால் வாங்கலாம். ஆனால் அட்டையில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளை நம்பி வாங்க வேண்டாம். ஐந்து வயதுக்குள் மூளை தொண்ணூறு சதவீதம் வளர்ந்துவிடுகிறது என்பது மூளையின் அளவைப் பற்றிய செய்தி. அதற்குப் பிறகு கற்க முடியாது என்பது விற்பவர்கள் தாமாகச் சேர்த்துக்கொண்டது. மொசார்ட் இசையைக் கேட்டால் குழந்தையின் அறிவு கூடும் என்பதற்கு மூலமாகச் சொல்லப்படும் 1993ஆம் ஆண்டு ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடந்தது, அதில் குழந்தைகளே இல்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் ‘மிட் பிரெய்ன்’ வகுப்புகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: மூக்கோரத்து இடைவெளி வழியாக எட்டிப் பார்க்க அவ்வளவு பணம் தேவையில்லை.

கைப்பேசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு, மூன்று, நான்கு வயதினருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் நல்லது என்பது. அதே ஆவணம் நாளில் மூன்று மணி நேரமாவது உடல் அசைய வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்றும் சொல்கிறது. அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. மொட்டை மாடி இருந்தால் காலை, நண்பகல், மாலை என்று அவனுடைய நிழலைச் சாக்பீஸால் வரைந்து, பிறகு அந்த நிழல்களின் மேலேயே தாண்டிக் குதிக்கவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டீர்கள். பிரிக்காதீர்கள் என்பதே என் பதில். நானும் ஒருகாலத்தில் பிரித்துக் கெட்டவள்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, இருபது நிமிடத்துக்கு ஒரு செயல் என்று கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒரு பையன் உயரமான டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் விளிம்பு வரை வந்ததும் நிறுத்தி, குனிந்து பக்கவாட்டில் பார்ப்பான். மணி அடித்தது, நான் அவன் கையிலிருந்து டபராவை வாங்கி வைத்துவிட்டு வண்ணம் தீட்ட அழைத்துப் போனேன். அன்று முழுவதும் அவன் எதையும் தொடவில்லை. ஒல்லியான பாத்திரத்தில் உயரமாகத் தெரிந்த தண்ணீர் அகலமான பாத்திரத்தில் எங்கே போயிற்று என்று அவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது சில ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஆகவே ஒரு மாலைக்கு ஒரு விளையாட்டு போதும். அதையே வாரத்தில் நான்கு நாள் கேட்டாலும் ஆடுங்கள். அவனுக்குச் சலிப்பதற்கு முன் நீங்கள் நிறுத்திவிட்டால் நாளைக்கு அவனே வந்து கூப்பிடுவான். நீங்கள் களைத்து வந்த நாளில் எதுவும் செய்யாமல் அருகில் படுத்துக்கொண்டு, பாட்டியோடு என்ன செய்தான் என்று கேட்பதும் மொழிப் பாடம்தான்.

விளையாட்டால் சரிசெய்ய முடியாதவையும் உண்டு, அவை என் எல்லைக்கு வெளியே இருப்பவை. பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்பாமல் இருப்பது, வெளியாட்களுக்கு அவன் பேச்சு ஏறக்குறையப் புரியாமலே இருப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்யாமல் விட்டுவிடுவது ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டி, செவித்திறனையும் சோதித்துவிடுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை; எழுதாமல் ஓடுவது மட்டும் அந்தப் பட்டியலில் சேராது. இப்போது கடைகளில் கொட்டை எடுத்த புளிதான் அதிகம் கிடைக்கிறது என்பதால், அடுத்த முறை மளிகை வாங்கும்போது கொட்டைப்புளியாகக் கேட்டு வாங்குங்கள். கொட்டையைப் புளியிலிருந்து எடுக்கும் வேலையை அவனிடமே விட்டுவிடலாம்.